இடது ஓரத்துப் பட்டியல்

கணினிக்குள் உட்கார்ந்துகொண்டு பேசும் ஒரு உதவியாளரைத்தான் எங்கள் நிறுவனம் செய்கிறது. கேட்டால் பதில் சொல்லும், கேட்காவிட்டாலும் இரண்டு வார்த்தை கூடச் சொல்லும். அதனால் அலுவலகத்துக்குள் அதற்கு வாயாடி என்று பெயர். வாயாடியின் மூளையை உண்டாக்குகிறவர்கள் மேல்மாடியில் இருக்கிறார்கள், எங்களோடு அதிகம் பேச மாட்டார்கள். அதன் முகத்தைப் பார்த்துக்கொள்வது நாங்கள். எந்தப் பொத்தான் எங்கே, எந்த எழுத்து எவ்வளவு பெரிது, திறந்ததும் முதலில் கண்ணில் படுவது என்ன என்பதெல்லாம் எங்கள் பாடு. நான் டிசைனர். என்ன வேலை என்று கேட்கிற சொந்தக்காரர்களிடம் கம்ப்யூட்டருக்குப் பவுடர் பூசுகிறேன் என்று சொல்லிவிடுவேன். மேற்கொண்டு கேட்க மாட்டார்கள்.

வாயாடியின் பழைய முகம் மொட்டையாக இருந்தது. திறந்தால் ஒரு வெள்ளைப் பக்கம், நடுவில் ஒரு கட்டம், அவ்வளவுதான். நேற்றுப் பேசியது எதுவும் கண்ணில் படாது. எல்லாம் மூலையில் மூன்று கோடு போட்ட ஒரு பொத்தானுக்குள் பத்திரமாக இருந்தது, ஆனால் அதை அழுத்திப் பார்க்கும் பொறுமை யாருக்கும் இல்லை. கருத்துக் கணிப்பில் பாதிப் பேர், ஜன்னலை மூடினால் பேசியதெல்லாம் அழிந்துவிடும் என்று எழுதியிருந்தார்கள். இதைப் பெரிய குறையாக எடுத்துக்கொண்டு கூட்டம் போட்டுப் பேசினோம். அழிவதில்லை என்று மக்களுக்குப் பளிச்சென்று காட்ட வேண்டும் என்று முடிவு செய்தோம். அழிந்துவிடும் என்ற நம்பிக்கையில் யாராவது நிம்மதியாக இருந்திருக்கலாமே என்று அந்த அறையில் ஒரு தலைக்கும் தோன்றவில்லை, என் தலையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

புதிய முகத்தில் இடது ஓரத்தில் ஒரு பட்டியல் வைத்தோம். எப்போதும் திறந்தே இருக்கும். பழைய பேச்சு ஒவ்வொன்றுக்கும் வாயாடியே படித்துப் பார்த்து, சுற்றி வளைக்காமல் ஒரு தலைப்பு வைக்கும். தலைப்புகள் ஒரேயடியாக வந்து விழாமல், பழையது முதலில், புதியது அதற்கு மேலே என்று ஒவ்வொன்றாக மெல்ல இறங்கி உட்காரும். ஒன்றின் மேல் மவுஸை வைத்தால் படித்து முடிக்கும்வரை அடுத்தது காத்திருக்கும். அந்த மெதுவான இறக்கம் என் கைவேலை. எங்கள் புரோகிராமர் அதைப் பார்த்துவிட்டு, "ஊர்வலமா விடுறீங்க?" என்று கேட்டான். அவனுக்குச் சிடுமூஞ்சி என்று பெயர் வைத்ததில் என் பங்கு பெரியது.

இன்னொரு மாற்றமும் செய்திருந்தோம். மூலையில் இருக்கும் பெருக்கல் குறியை அழுத்தினால் வாயாடி மூடாது, கீழே ஓரமாக ஒளிந்துகொண்டு கூப்பிட்ட குரலுக்குத் தயாராக நிற்கும். நிஜமாகவே மூட வேண்டுமென்றால் கீழ்மூலையில் உள்ள குட்டிப் படத்தை வலது பக்கமாகச் சொடுக்கி, 'வெளியேறு' என்பதைத் தேட வேண்டும். வேலைக்காரனை வீட்டை விட்டு அனுப்ப யாருக்கு மனசு வரும் என்று எங்கள் தலைவர் சொன்னார். தலைவர் என்பது பட்டப்பெயர்தான். இரண்டு பேர் நின்றாலும் மேடையில் நிற்கிற மாதிரி பேசுகிற எங்கள் குழு மேலாளர் அவர்.

புதிய முகத்தை ஊருக்கெல்லாம் விடுவதற்கு முன் கொஞ்சம் பேருக்கு மட்டும் விட்டுப் பார்ப்பது எங்கள் வழக்கம். அந்தக் கொஞ்சம் பேருக்கு வெளியே எங்கே போவது என்று, ஆளாளுக்குத் தங்கள் சொந்தக்காரர் வீட்டுக் கணினிகளைச் சேர்த்துவிடுவோம். சோதனைக்குச் சம்மதம், தலைப்புகளை நிறுவனம் பார்க்கலாம் என்று ஒரு கட்டத்தில் டிக் போட்டால் போதும். யாரும் படிக்காமல் போடுகிற டிக். என் பங்குக்கு அக்கா வீட்டுக் கணினியைச் சேர்த்திருந்தேன். அக்காதான் டிக் போட்டாள். "இதெல்லாம் நமக்கு எதுக்குடி" என்று சிரித்துக்கொண்டேதான் போட்டாள்.

அன்று காலை புதிய முகம் சோதனைக் கணினிகளுக்குப் போனது. மதியம் தலைவர் எங்களைக் கூட்டி, வாயாடி வைத்த தலைப்புகளைச் சுவர்த்திரையில் போட்டுக் காட்டினார். யாருடைய கணினி என்று பெயர் இருக்காது, ஒரு எண் மட்டும்தான். ஒரு கணினியின் பட்டியலைப் பெரிதாக்கி, "இதைப் பாருங்க. ஒரு வீட்டுக் கதையே இருக்கு. மனுஷன் மனசுல இருக்கிறதை அப்படியே எடுத்து வெச்சிருக்கு" என்றார்.

கீழேயிருந்து மேலே படித்தேன். குளிர்பெட்டியில் தண்ணீர் தேங்குகிறது. கதவுக் கீலில் சத்தம். குழந்தை இடது கையால் எழுதுவதை மாற்ற வேண்டுமா. கழுத்தில் விரல் தழும்பு எப்போது மறையும். வெளியே பூட்டிய கதவை உள்ளிருந்து திறப்பது. பயந்த சுபாவமுள்ள தங்கையிடம் சொல்லலாமா. கணவருக்குத் தெரியாமல் குழந்தையின் சான்றிதழ்களை எடுப்பது. எல்லாவற்றுக்கும் மேலே, அன்று காலையில் பேசியது: துறைமுகத்து மகளிர் இல்லத்துக்குப் போகும் பேருந்து.

அறையில் யாரோ கை தட்டினார்கள். தலைப்பு வைத்த அழகுக்குத்தான் தட்டினார்கள், அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. நான் அந்த இடது கைத் தலைப்பிலேயே நின்றுவிட்டேன். அக்காவின் மகள் இடது கையால்தான் எழுதுவாள். அத்தான் அதை மாற்ற வேண்டும் என்று அவளுடைய இடது கையைப் பின்னால் கட்டிவைத்து எழுதச் சொல்வார், விளையாட்டு மாதிரி. நானே பார்த்திருக்கிறேன். நானும் சிரித்திருக்கிறேன்.

அத்தானுக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. கிழவரோ குழந்தையோ, யார் வந்தாலும் முன்னால் உட்கார்ந்து, இரண்டு காதுக்கும் பின்னால் விரல் வைத்து, கண்ணாடி நூல் பிடித்த மாதிரி நேராக நிற்கும்வரை விடமாட்டார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அக்காவின் போன் அடித்தால் அவரே எடுப்பார், அக்கா எங்கே போனாலும் அவரே கொண்டுபோய் விடுவார். எங்கள் உறவில் எல்லோரும், "உங்க அக்கா குடுத்து வெச்சவ" என்பார்கள். அக்கா வெயில் காலத்திலும் கழுத்தைச் சுற்றித் துப்பட்டாவை விடாமல் போட்டிருந்ததை நான் பார்த்தேன். பார்த்ததோடு சரி, ஏன் என்று கேட்கவில்லை.

சோதனைக்குப் போன முகம் இந்நேரம் அந்த வீட்டுக் கணினியில் இருக்கும். கணினியைப் போட்டாலே வாயாடி தானாக எழுந்து நிற்கும், அதுவும் எங்கள் ஏற்பாடுதான். பட்டியல் தானாகத் திறக்கும். அத்தான் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருகிறவர். இதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக எனக்குள் வந்து விழுந்தது. போனை எடுத்துக்கொண்டு அறையை விட்டு வெளியே வந்தேன். பின்னால் தலைவர், "எங்க போறீங்க?" என்று கேட்டது காதில் விழுந்தது.

அக்கா எண்ணுக்கு அடித்தேன். எடுத்தது அத்தான்.

"சொல்லும்மா" என்றார்.

"அக்கா இல்லையா அத்தான்?"

"குளிக்கிறா. என்ன விஷயம்?"

"சும்மாதான் கூப்பிட்டேன்."

"வேலை நேரத்துல சும்மா கூப்பிட மாட்டியே நீ." சிரிப்பது போல ஒரு சத்தம். "நல்ல நேரத்துலதான் கூப்பிட்டிருக்கே. கம்ப்யூட்டரைப் போட்டேன், உங்க ஆபீஸ் சாமான் புதுசா வந்து நிக்குது. 'உங்கள் உரையாடல்களை ஒழுங்குபடுத்துகிறோம்'னு போட்டிருக்கு. இடது பக்கம் என்னமோ சுத்திக்கிட்டே இருக்கு."

'உங்கள் உரையாடல்களை ஒழுங்குபடுத்துகிறோம்' என்பது நான் எழுதிய வாசகம். நட்புத்தொனி இருக்க வேண்டும் என்று நான்கு தடவை மாற்றி மாற்றி எழுதியது. இப்போது அது அத்தான் குரலில் கேட்டது.

ஓட்டமும் நடையுமாகச் சிடுமூஞ்சியின் மேஜைக்குப் போனேன். கூட்டத்துக்கெல்லாம் வராமல் இடத்திலேயே இருக்கிறவன் அவன். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, அவன் மேஜையில் கிடந்த காகிதத்தில், சுவர்த்திரையில் பார்த்த கணினி எண்ணை எழுதி, கீழே 'பழையதுக்குத் திருப்பு, இப்பவே' என்று எழுதினேன். அவன் படித்துவிட்டு, தலைவரின் அறைப் பக்கம் கையைக் காட்டினான். அவர் அனுமதி இல்லாமல் யாருடைய கணினியையும் பழையதுக்குத் திருப்பக் கூடாது என்பது விதி. விதி என்றால் அவனுக்கு உயிர். நான் அந்தக் காகிதத்தைப் பிடுங்கி, 'என் அக்கா. அவர் அவளைக் கொல்லுவார்' என்று எழுதினேன். எழுதிய பிறகுதான் நான் என்ன எழுதியிருக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. அதுவரை அந்த வார்த்தையை நான் நினைக்கக்கூட இல்லை.

சிடுமூஞ்சி என் முகத்தைப் பார்த்தான். வேறெதுவும் கேட்காமல் விசைப்பலகையை இழுத்துக்கொண்டான்.

"அடேங்கப்பா, ஒண்ணொண்ணா வருதே" என்றார் அத்தான் காதுக்குள். "குளிர்பெட்டியில் தண்ணீர் தேங்குகிறது. இதெல்லாம் உங்க அக்கா பேசினதா?"

"இருக்கும் அத்தான். எல்லாரும் அந்த மாதிரிதான் கேப்பாங்க."

"கதவுக் கீலில் சத்தம். அதுக்கு நான்தானே எண்ணெய் விட்டேன்." நிறுத்தினார். மவுஸை அதன் மேல் வைத்துப் பொறுமையாகப் படிக்கிறார் என்று புரிந்தது. அவர் எதையும் அவசரமாகப் பார்க்கிறவர் இல்லை. அவர் வைத்திருக்கும்வரை அடுத்தது இறங்காது. "நல்லா செஞ்சிருக்கேம்மா. படிக்க வசதியா இருக்கு."

"தேங்க்ஸ் அத்தான்" என்றேன். சத்தியமாக அப்படித்தான் சொன்னேன்.

அணைத்துவிடுங்கள் என்று சொல்லலாமா என்று யோசித்தேன். வேண்டாம் என்று சொன்னால் அதைத்தான் செய்வார். கடையில் ஒருவர் கண்ணாடி சரியாகத்தான் இருக்கிறது என்று சொன்னால், இன்னும் அரைமணி நேரம் பிடித்து வைத்துக்கொள்கிற மனிதர். நான் பேச்சை வளர்த்தேன். எழுத்து கண்ணுக்கு உறுத்துகிறதா, நிறம் எப்படி இருக்கிறது, இன்னும் பெரிதாக வேண்டுமா என்றெல்லாம் கேட்டேன். கண்ணைப் பற்றிக் கேட்டால் அவர் விடமாட்டார் என்று எனக்குத் தெரியும். வெள்ளைப் பின்னணி வயதானவர்களுக்குக் கூசும் என்று விளக்கினார். நிதானமாக, தெளிவாக, ஒரு நல்ல மனிதர் விளக்குவது போல விளக்கினார்.

"குட்டிகிட்ட குடுங்களேன். பேசி ரொம்ப நாளாச்சு" என்றேன்.

"தூங்குது."

ஏழு வயதுப் பிள்ளை. பகலில் தூங்கச் சொன்னால் வீட்டை இரண்டாக்குகிற பிள்ளை. பள்ளி விடுமுறை நாளில் அந்த வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. குளியலறையில் தண்ணீர் விழும் சத்தமும் இல்லை.

"அடுத்தது வந்துடுச்சு" என்றார். "குழந்தை இடது கையால் எழுதுவதை மாற்ற வேண்டுமா." இந்தத் தடவை நிறுத்தம் நீண்டது. "இதை ஏன் அதுகிட்ட கேட்டா? நான்தான் மாத்தணும்னு சொல்லிட்டேனே."

"சந்தேகமா இருந்திருக்கும்."

"என்ன சந்தேகம்?"

சிடுமூஞ்சி ஒரு காகிதத்தைத் தூக்கிக் காட்டினான். 'திருப்பியாச்சு. ஆனா முழுசா மூடித் திறந்தாத்தான் வரும்.' கீழே இன்னொரு வரி. 'பழசுலயும் மூணு கோட்டுக்குள்ள எல்லாம் இருக்கும். அதனால கணக்கை விட்டு வெளியேத்திட்டேன். திறந்தா பாஸ்வேர்டு கேக்கும்.' எனக்குத் தோன்றாத விஷயம் அவனுக்குத் தோன்றியிருந்தது. பிறகு பேனாவை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு யோசித்து, 'இது ஒண்ணு மட்டுமா, எல்லா வீடுமா?' என்று எழுதினான்.

சுவர்த்திரையில் வேறு எண்களும் இருந்தன. அவை யார் யாருடைய அக்கா, யார் யாருடைய மகன் என்று எனக்குத் தெரியாது. 'எல்லாம்' என்று உதட்டை அசைத்தேன். அவன் வேலை போகும் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவன் சிடுசிடுத்த முகத்தோடு திரும்பித் தட்ட ஆரம்பித்தான்.

"ஏம்மா" என்றார் அத்தான். குரல் முன்பைவிட மெதுவாக இருந்தது. "உங்க அக்கா உன்கிட்ட இன்னிக்கு ஏதாவது சொன்னாளா?"

"இல்லையே. எதைப் பத்தி?"

"எதைப் பத்தியாவது."

அக்கா குளிக்கவில்லை. குழந்தை தூங்கவில்லை. இரண்டு பேரும் அந்த வீட்டிலேயே இல்லை. காலைப் பேருந்தில் போய்விட்டார்கள். போனை வேண்டுமென்றே வைத்துவிட்டுப் போயிருக்கிறாள், அது எங்கே இருக்கிறது என்று அவருக்கு எப்போதும் தெரியும் என்பதால். அவர் சாப்பிட வந்திருக்கிறார், வீடு காலி. அவர் என்னுடைய புது வேலையைப் பார்த்து ரசித்துக்கொண்டிருக்கவில்லை. அவள் எங்கே போனாள் என்று தேடிக்கொண்டிருக்கிறார். நாங்கள் அதை அவருக்கு வரிசைப்படுத்தி, பெரிய எழுத்தில், மெல்ல மெல்ல இறக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

துறைமுகத்துக்குப் பேருந்து ஊர் ஊராக நின்று போகும். சாயங்காலம்தான் போய்ச் சேரும். அத்தானிடம் கார் இருக்கிறது. இப்போது கிளம்பினால்கூட அவள் இறங்குவதற்கு முன் அந்த இல்லத்து வாசலில் போய் நின்றுகொண்டிருப்பார். சிரித்த முகத்தோடு, கையில் குழந்தைக்கு ஏதாவது வாங்கிக்கொண்டு நிற்பார். அந்த இடத்தில் யார் பார்த்தாலும் மனைவியைக் கூட்டிப்போக வந்த நல்ல கணவன் என்றுதான் நினைப்பார்கள். நானும் இவ்வளவு நாளாக அப்படித்தான் நினைத்திருந்தேன்.

"கழுத்தில் விரல் தழும்பு எப்போது மறையும்" என்று படித்தார்.

அதே குரல். எழுத்து கண்ணுக்கு உறுத்துகிறதா என்பதற்குப் பதில் சொன்ன அதே குரல். படித்து முடித்துவிட்டு, "ம்" என்றார். அவர் கத்தியிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

இன்னும் மூன்று தலைப்புகள் இறங்கினால் நான்காவது அந்தப் பேருந்து. மவுஸை எடுத்துவிட்டால் அவை வரிசையாக இறங்கிவிடும்.

"அத்தான்" என்றேன். என் குரல் எனக்கே யாரோ பேசுவது போலக் கேட்டது. "ஒரு விஷயம். இன்னிக்குக் காலையில வந்ததுதானே இந்த அப்டேட். அதுல ஒரு தப்பு இருக்கு. பழைய பேச்செல்லாம் வரும். ஆனா கடைசி ரெண்டு நாள் பேசினது பட்டியல்ல ஏறாது. எங்களுக்கு ஆபீஸ்ல இப்பத்தான் தெரிஞ்சுது."

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம்.

"கடைசியா பேசினது வராதா?"

"முழுசா மூடித் திறந்தா வரும்."

"மூலையில பெருக்கல் குறி இருக்கு. அதை அழுத்தவா?"

"அது மூடாது அத்தான். ஒளிஞ்சுக்கும். கீழே வலது மூலையில ஒரு குட்டிப் படம் இருக்கும், பேசுற வாய் மாதிரி. அதை மவுஸோட வலது பட்டனால அழுத்துங்க."

"எந்தப் படம்? இங்க நிறைய இருக்கே."

"நீலக் கலர்."

"ரெண்டு நீலம் இருக்கு."

அந்தப் படத்தின் நிறத்தைத் தேர்ந்தெடுக்க நாங்கள் ஒரு வாரம் சண்டை போட்டிருக்கிறோம். மற்ற படங்களோடு இணக்கமாக இருக்க வேண்டும் என்று நான்தான் நீலம் கேட்டேன். "வெளிர் நீலம்" என்றேன். "கண்ணுக்கு இதமா இருக்கிற நீலம்."

"ம், இருக்கு. வரிசையா என்னென்னமோ வருது. அமைப்புகள், உதவி, கருத்து தெரிவிக்க. ஏன் இவ்வளவு வெச்சிருக்கீங்க?"

"கடைசியில பாருங்க. வெளியேறுன்னு இருக்கும்."

"இடது பக்கம் அடுத்தது இறங்குது" என்றார். மவுஸ் பட்டியலை விட்டு நகர்ந்துவிட்டது, அதனால் இறங்குகிறது. "வெளியே பூட்டிய கதவை" என்று ஆரம்பித்தார்.

"அத்தான், வெளியேறு அழுத்துங்க. இல்லன்னா புதுசு எதுவும் வராது" என்றேன். கத்தவில்லை. எப்படிக் கத்தாமல் இருந்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. சிடுமூஞ்சி என் கையிலிருந்த பேனாவை மெதுவாக எடுத்துக்கொண்டான், அதை நான் இரண்டாக வளைத்திருந்தேன்.

ஒரு சொடுக்கு கேட்டது.

"போயிடுச்சு" என்றார்.

"இப்ப திறங்க."

காத்திருந்தோம். அவர் மூச்சு விடுவது கேட்டது. சீரான மூச்சு.

"வெள்ளையா ஒண்ணு வருது. பாஸ்வேர்டு கேக்குது."

நான் சிடுமூஞ்சியின் மேஜை ஓரத்தில் சாய்ந்துகொண்டேன்.

"என்ன பாஸ்வேர்டு?" என்றார்.

"எனக்குத் தெரியாது அத்தான். அக்காவுக்குத்தான் தெரியும். குளிச்சிட்டு வந்ததும் கேளுங்க."

நான் வாயை விட்டுவிட்டேனோ என்று தோன்றியது. அவர் சொன்ன பொய்யை அவரிடமே நீட்டியிருந்தேன், அது பொய் என்று எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் இப்போது புரிந்திருக்கும். நாங்கள் இரண்டு பேரும் இவ்வளவு நேரம் ஒருவருக்கொருவர் பொய் சொல்லிக்கொண்டு, ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டிருந்தோம்.

"நீ வேணும்னே பண்ணியிருக்கே" என்றார் கடைசியில். கோபமே இல்லை. "அவ எங்கே?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"உனக்குத் தெரியும். நீ சொல்லலைன்னாலும் நான் கண்டுபிடிப்பேன். பஸ் ஸ்டாண்டுல கேட்டா சொல்லப் போறான். குழந்தையோட போற பொம்பளையை நாலு பேர் பார்த்திருப்பாங்க. நான் இப்பவே போய்க் கேக்கறேன்."

கார்ச் சாவியின் சத்தம் கேட்டது. பேருந்து நிலையம் அவர் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில்தான். போய்க் கேட்டால் சொல்லிவிடுவார்கள், அவர் கேட்கிற விதத்துக்கு யாரும் சொல்லிவிடுவார்கள். துறைமுகம் நகரத்துக்கு வெளியே, வெகுதூரம் கிழக்கே. எங்கள் அலுவலகம் மேற்கே, குன்றுப் பக்கம், மதிய நெரிசலில் வந்து சேர்வதற்குள் போதும் போதும் என்று ஆகிவிடும்.

எனக்கு அவரைக் கண்டால் பயம். இன்று காலைவரை இல்லாத பயம், ஒரே மதியத்தில் வந்து எலும்புவரை இறங்கிவிட்ட பயம். அந்தக் குரல் இந்தக் கட்டிடத்துக்குள் நடந்து வருவதை நினைத்தால் ஓடி எங்காவது கதவைப் பூட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

"பஸ் ஸ்டாண்டுக்குப் போகாதீங்க அத்தான்" என்றேன். "அக்கா இங்கதான் இருக்கா. என் ஆபீஸ்ல. குட்டியும் இருக்கு."

"பொய்."

"காலையிலேயே வந்துட்டா. அழுதுக்கிட்டே இருக்கா. அவதான் உங்ககிட்ட பேசிப் பார்க்கச் சொன்னா, அதான் கூப்பிட்டேன். வந்து கூட்டிட்டுப் போங்க. உங்க கூட வர மாட்டேன்னு சொல்லலை. பயமா இருக்குன்னுதான் சொல்றா."

அந்தக் கடைசி வார்த்தை அவருக்குப் பிடிக்கும் என்று எப்படியோ தெரிந்திருந்தது. சாவிச் சத்தம் நின்றது.

"அங்கேயே வெச்சிரு. நான் வரேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

சிடுமூஞ்சி ஏற்கெனவே போனைக் கையில் எடுத்திருந்தான். "போலீஸைக் கூப்பிடவா?"

"இப்ப வேண்டாம். அவங்க கேட்டுலயே நிறுத்தி ரெண்டு வார்த்தை கேட்டுட்டு அனுப்பிடுவாங்க. அவர் திரும்பி கிழக்க போயிடுவார். அவர் உள்ள வந்து உக்காந்தப்புறம் கூப்பிடு."

"உள்ள வரவிடப் போறீங்களா? ஆள் எப்படின்னு தெரியாம?"

"எப்படின்னு இப்பத்தான் தெரிஞ்சுது."

அவன் என்னைத் திட்டப் போகிறான் என்று நினைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான், எழுந்து போகிற எண்ணம் இல்லாதவன் போல. தலைவர் அறையிலிருந்து வேகமாக வந்து, எல்லாக் கணினிகளிலும் புதிய முகம் காணாமல் போனது எப்படி, யார் உத்தரவு என்று கேட்டார். நான் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகத்தில் இருந்த மேடை கழன்றுபோய், வெறும் மனிதர் ஒருவர் நின்றார். சுவர்த்திரையை அணைத்துவிட்டு வந்து, வரவேற்பறைக்குப் போகிற கதவைப் பார்த்தபடி அவரும் நின்றுகொண்டார்.

ஜன்னல் வழியாகக் கீழே வண்டிகள் நகராமல் நிற்பது தெரிந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக நெரிசலைப் பார்த்து நிம்மதிப்பட்டேன். அக்கா இப்போது எந்த ஊரைத் தாண்டியிருப்பாள், குழந்தைக்கு ஜன்னல் சீட் கிடைத்திருக்குமா, வாந்தி எடுக்காமல் இருக்குமா என்று யோசிக்க முயன்றேன். யோசனை அங்கே நிலைக்கவில்லை. லிஃப்ட் சத்தம் கேட்கும்போதெல்லாம் கதவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் வந்து பார்த்து, அக்கா இல்லை என்று தெரிந்த அந்த நிமிஷத்தில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை. அந்த நிமிஷத்தை எவ்வளவு நேரம் தள்ளிப்போடலாம் என்பது மட்டும்தான் என் கையில் இருந்தது. முதலில் தண்ணீர் கொடுக்கலாம். அக்கா முகம் கழுவப் போயிருக்கிறாள் என்று சொல்லலாம். எங்கள் புதிய வேலையைக் காட்டவா என்று கேட்கலாம்.

மேஜைமேல் இருந்த போன் அடித்தது. கீழே கேட்டில் இருக்கும் காவலர்.

"மேடம், உங்க அத்தான்னு ஒருத்தர் வந்திருக்கார். உங்க அக்காவைக் கூட்டிட்டுப் போக வந்திருக்காராம்" என்றார். "நல்ல மனுஷனா தெரியுது. அனுப்பட்டுமா?"

சிடுமூஞ்சி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அனுப்புங்க" என்றேன்.